பைலோரி இல்ல, ஹெய்ல்மானின்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நாயை வெளிய அனுப்பணுமா?

கேள்வி: வயசு 41. ஆறு மாசமா மேல்வயித்துல வலி, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு ரொம்பிடுது. மூச்சு டெஸ்ட்ல ஹெச் பைலோரி (வயித்துல புண்ணு உண்டாக்கற கிருமி) இல்லன்னு வந்துச்சு. எண்டோஸ்கோப்பில பயாப்ஸி (வயித்து உள்சுவர்லேருந்து சின்னதா சதை எடுத்துப் பார்க்கறது) எடுத்தப்ப 'ஹெலிகோபாக்டர் ஹெய்ல்மானி'ன்னு எழுதியிருக்காங்க டாக்டர். வீட்ல இருக்கிற நாய்கிட்டேருந்து வந்ததா?

பதில்: நாயை எங்கயும் அனுப்பாதீங்க, மொதல்ல அதச் சொல்லிடறேன். இது பைலோரியோட சொந்தக்கார கிருமிதான், அதவிட நீளமா, ஸ்க்ரூ மாதிரி முறுக்கிக்கிட்டு இருக்கும், வயித்துல எடுக்கற பயாப்ஸில நூத்துக்கு ஒண்ணுல கூட வராது. நாய், பூனை, பன்னி வயித்துல சாதாரணமா இருக்கிற கூட்டம் இது, ஆனா மைக்ராஸ்கோப்ல பார்த்தா எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால உங்க நாய்கிட்டேருந்துதான் வந்துச்சுன்னு இந்த ரிப்போர்ட்ட வச்சு யாராலயும் சொல்ல முடியாது. வாயை நக்க விடாதீங்க, தொட்டா சோப்பு போட்டு கை கழுவுங்க, அது போதும்.

மூச்சு டெஸ்ட் ஏன் ஏமாத்துச்சுன்னா, அந்த டெஸ்ட் பிடிக்கறது கிருமி விடுற யூரியேஸ்ங்கற என்சைமத்தான், ஹெய்ல்மானி வயித்துல அங்கொண்ணு இங்கொண்ணா கொஞ்சமாத்தான் இருக்கும், அதனால டெஸ்ட்ல சிக்காமலே போயிடும். பயாப்ஸி எடுத்தவர் நல்ல வேலை செஞ்சிருக்கார்.

இவ்வளவு அரிதான கிருமிக்குன்னு தனியா பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்ல, பைலோரிக்குக் குடுக்கிற அதே மருந்துதான் குடுக்கறோம், நல்லாவே கேக்குது. வழக்கமா அமாக்ஸிசிலின், கிளாரித்ரோமைசின், கூட அமிலத்தைக் குறைக்கற ஒரு மாத்திரை, மூணும் ரெண்டு வேளை, 14 நாள். பென்சிலின் அலர்ஜி இருந்தா கண்டிப்பா முன்னாடியே சொல்லிடுங்க, வேற மருந்து மாத்துவாங்க. நாலு நாள்ல வலி கொறஞ்சிடுச்சேன்னு நிறைய பேர் பாதியில நிறுத்திடறாங்க, அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க, மிச்சமிருக்கிற கிருமிக்கு அடுத்த தடவ அதே மருந்து வேலை செய்யாம போகலாம்.

கிருமி போயிடுச்சான்னு பார்க்க மறுபடி மூச்சு டெஸ்ட் எடுத்து பிரயோஜனம் இல்ல, மொதல்லயே அதுல சிக்காத கிருமி ஆச்சே. ஆன்டிபயாடிக் முடிஞ்சு ஒரு மாசமாவது கழிச்சு, அந்த அமிலம் குறைக்கற மாத்திரைய ரெண்டு வாரம் நிறுத்திட்டு திரும்ப பயாப்ஸி பார்க்கச் சொல்லிக் கேளுங்க. ரிப்போர்ட்ல 'மால்ட் லிம்போமா'ன்னு (வயித்துல வர்ற ஒரு வகை புற்றுநோய்) ஏதாவது எழுதியிருக்கான்னும் பாருங்க, ரொம்ப அபூர்வமா இந்தக் கிருமியால வரும், ஆரம்பத்துல இருந்தா கிருமிய ஒழிச்சாலே பல பேருக்கு அதுவும் கரைஞ்சிடுது. மலம் கருப்பா போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.