அமினோஅல்லைல் டியுடிபி (சாயம் ஒட்டுவதற்கு அமீன் கொண்ட நியூக்ளியோடைடு) போட்டும் டிஎன்ஏவில் சை3 என்ற ஒளிரும் சாயம் ஏறவில்லை. சாயம் கெட்டுவிட்டதா?

சாயத்தைக் குப்பையில் போடும் முன் ஒன்று சொல்லுங்கள். நிக் டிரான்ஸ்லேஷன் (அந்த நியூக்ளியோடைடை டிஎன்ஏவில் சேர்க்கும் நொதி வினை) முடிந்து ஸ்பின் கிட்டில் சுத்தம் செய்தபோது எதில் எலூட் செய்தீர்கள், அதாவது டிஎன்ஏவை எந்தத் திரவத்தில் கழுவி எடுத்தீர்கள்? கிட்டோடு வந்த பஃபர்தான் என்றால் தப்பு அங்கேதான். அது பெரும்பாலும் 10 மில்லிமோலார் டிரிஸ். டிரிஸ் ஒரு பிரைமரி அமீன்; என்எச்எஸ் எஸ்டர் வடிவில் இருக்கும் சை3 சாயம் தேடிப் போய் ஒட்டுவதும் அமீனில்தான். டிஎன்ஏவுக்குப் போக வேண்டிய சாயத்தை டிரிஸ் பிடித்துக்கொள்கிறது.

கணக்குப் போடுங்கள். 30 மைக்ரோலிட்டரில் டிரிஸ் 300 நானோமோல். 2 மைக்ரோகிராம் டிஎன்ஏவில் மொத்த நியூக்ளியோடைடே 6 நானோமோல் சொச்சம். அதில் கால்வாசி டி (தைமின்); அமினோஅல்லைல் டியுடிபி உட்காருவது அதன் இடத்தில். அந்த இடங்களில் மூன்றில் ஒன்றில் அமினோஅல்லைல் உட்கார்ந்தாலும் அரை நானோமோல்தான். அறுநூறு டிரிஸுக்கு ஒரு டிஎன்ஏ அமீன்.

"டிரிஸ் இருந்தும் எங்களுக்கு வந்ததே" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். சாயத்தை அள்ளிக் கொட்டினால் கொஞ்சம் ஏறும், மறுக்கவில்லை. அதன் விலையையும் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

கிட் பஃபர்களுக்குப் பதிலாக, வாஷுக்கு 80% எத்தனாலில் 5 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட், பிஎச் 8.0. எலூஷனுக்கு 4 மில்லிமோலார் பாஸ்பேட், பிஎச் 8.5. எத்தனாலில் வீழ்படிவாக்குவதானால் சோடியம் அசிடேட் போடுங்கள். அம்மோனியம் அசிடேட்டில் மிஞ்சும் அம்மோனியாவும் சாயத்தைத் தின்னும். உலர்த்திய டிஎன்ஏவை 0.1 மோலார் சோடியம் கார்பனேட்டில் (பிஎச் 9.0, புதிதாகக் கலக்கியது) கரைத்து, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த சாயத்தைச் சேர்த்து, ஒரு மணி நேரம் இருட்டில் வையுங்கள். அடிக்கடி திறந்து மூடிய டிஎம்எஸ்ஓ பாட்டில் வேண்டாம். ஈரம் பட்டால் எஸ்டர் டியூபிலேயே செத்துவிடும்.

பஃபரில் என்ன இருக்கிறது என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடுகிறார்களே, அந்த வழக்கம் என்றுதான் ஒழியுமோ!

ஒட்டாத சாயத்தை நீக்கிய பிறகு அளவிடுங்கள். 550 நானோமீட்டர் உறிஞ்சலை 0.15ஆல் வகுத்து, மைக்ரோலிட்டர் அளவால் பெருக்கினால் சை3 பிகோமோலில் கிடைக்கும். அதை 324.5ஆல் பெருக்கி, டிஎன்ஏ நானோகிராமால் வகுத்தால் ஆயிரம் நியூக்ளியோடைடுக்கு எத்தனை சாயம் என்று தெரியும். உறிஞ்சல் 0.6, 40 மைக்ரோலிட்டர், 1500 நானோகிராம் என்றால் சுமார் 35, தாராளம். இன்னும் ஏற்ற ஆசைப்படாதீர்கள், நெருங்கி உட்கார்ந்த சாயங்கள் ஒன்றின் ஒளியை ஒன்று அணைக்கும்.

கையில் இருக்கும் சாம்பிளைக் கொட்டிவிடாதீர்கள். போனது சாயம் மட்டும்தான், டிஎன்ஏவில் அமீன்கள் அப்படியே இருக்கின்றன. பாஸ்பேட்டில் மறுபடி சுத்தம் செய்து புது சாயம் போடுங்கள்.