‘ஓ.கே.’ என்று பதில் போட்டால் தீர்மானம் ஆகிவிடுமா?

வீட்டு உரிமையாளர் சங்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வளாகத்தில் 64 வீடுகள். மாதச் சந்தா 450 டாலர். கூரைகளை மாற்றப்போவதாகச் சொல்லி வீட்டுக்கு 2,400 டாலர் சிறப்புக் கட்டணம் கேட்டு நிர்வாகக் குழுவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. எந்தக் கூட்டத்திலும் இதைப் பற்றிப் பேசியதில்லை. தலைவரைக் கேட்டேன். “ஐந்து பேரும் மின்னஞ்சலில் வாக்களித்துவிட்டோம், மூன்றுக்கு இரண்டு என்று நிறைவேறிவிட்டது” என்கிறார். இது செல்லுமா? நான் பணம் கட்டாமல் இருக்கலாமா?
– ஒரு வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். கட்டாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். கெடு முடிந்து 15 நாளானால் அது நிலுவைக் கணக்கில் ஏறும். பிறகு தாமதக் கட்டணம், வட்டி, வீட்டின் மேல் பற்றுரிமைப் பதிவு (கடனுக்கு வீட்டைப் பிணையாக்கும் ‘லீன்’) என்று வரிசையாக வரும். சந்தா, சிறப்புக் கட்டண நிலுவை 1,800 டாலரைத் தொட்டாலே வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும் வழி சங்கத்துக்குத் திறந்துவிடுகிறது. உங்களிடம் கேட்பதோ 2,400. “எதிர்ப்புத் தெரிவித்துச் செலுத்துகிறேன்” என்று எழுதிக் கட்டுங்கள். அப்படிக் கட்டிவிட்டுச் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போக மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது. தனிநபர்கள் அங்கே 12,500 டாலர் வரை கோரலாம்.

இப்போது மின்னஞ்சல். வீட்டு உரிமையாளர் சங்கங்களுக்கான கலிஃபோர்னியாவின் டேவிஸ்–ஸ்டர்லிங் சட்டம் இதில் ஒளிவுமறைவே வைக்கவில்லை. சிவில் சட்டம் 4910ஆம் பிரிவின்படி, கூட்டத்துக்கு வெளியே நிர்வாகக் குழு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டு அதையே கூட்டம் என்று சொல்லவும் கூடாது. விலக்கு ஒன்றே ஒன்றுதான்: அவசர நிலை. அப்போதும் குழு உறுப்பினர் அனைவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அந்தச் சம்மதக் கடிதங்கள் கூட்டக் குறிப்போடு சேர்க்கப்பட வேண்டும். உங்கள் தலைவர் “மூன்றுக்கு இரண்டு” என்று பெருமையாகச் சொல்கிறாரே, எதிர்த்த அந்த இரண்டு பேரும் மின்னஞ்சலில் முடிவெடுக்கவாவது எழுதிச் சம்மதித்தார்களா என்று கேளுங்கள்.

கேட்டால் “அவசரம்” என்பார்கள். எதிர்பார்த்திருக்க முடியாத, அறிவிப்புக் கொடுக்கக்கூட அவகாசம் இல்லாத நிலைதான் சட்டம் சொல்லும் அவசரம். கூரை ஒரே இரவில் கிழடாவதில்லை. பொதுச் சொத்தை நேரில் பார்த்து, எது எத்தனை ஆண்டு தாங்கும், மாற்ற என்ன செலவாகும் என்று மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது சேமிப்பு நிதி ஆய்வு நடத்த வேண்டும் என்பதும் இதே சட்டம்தான். கடைசி ஆய்வறிக்கையை வாங்கிக் கூரை என்ற வரியைப் பாருங்கள்.

ஆனால் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. 64 வீடு, மாதம் 450 என்றால் ஆண்டுக்கு 3,45,600 டாலர். சங்கத்தின் ஆண்டுச் செலவுத் திட்டமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். உரிமையாளர்களின் வாக்கெடுப்பு இல்லாமல் ஓர் ஆண்டில் விதிக்கக்கூடிய சிறப்புக் கட்டணம், மொத்தமாகச் சேர்த்து, அதில் 5 சதவீதம். அதாவது 17,280 டாலர், வீட்டுக்கு 270. கேட்டிருப்பது 2,400! கூட்டம் போட்டு, நிகழ்ச்சி நிரல் ஒட்டி, ஐந்து பேரும் கை தூக்கியிருந்தாலும் இந்தத் தொகையை அவர்களாக விதித்திருக்க முடியாது. நீதிமன்ற உத்தரவு, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து, முன்கூட்டிக் கணித்திருக்க முடியாத பழுதுச் செலவு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. கடைசிக் காரணத்தைச் சொன்னால், ஏன் கணிக்க முடியவில்லை என்பதைத் தீர்மானமாக எழுதிக் கட்டண அறிவிப்போடு உங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். வந்த உறையில் அது இருக்கிறதா, பாருங்கள்.

மின்னஞ்சல் குறையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சங்கங்களின் மேலாளராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதியே தேய்ந்த கை இது. நான்கு நாள் முன்னறிவிப்புடன் ஒரு கூட்டம் போடுவார்கள், பழைய முடிவை ஏழே நிமிடத்தில் மறுபடி நிறைவேற்றுவார்கள், கலைந்து போவார்கள். 5 சதவீத வரம்பை அப்படித் தாண்ட முடியாது. அதனால் உங்கள் கடிதத்தில் அதை முதலில் எழுதுங்கள், மின்னஞ்சலை இரண்டாவதாக. உட்புறத் தகராறுத் தீர்வுக்காக, அதாவது வழக்குக்கு முன் சங்கத்துக்குள்ளேயே பேசித் தீர்ப்பதற்காக, நேரில் சந்திக்க வேண்டும் என்றும் கேளுங்கள். சங்கம் மறுக்க முடியாது, உங்களிடம் கட்டணமும் வாங்க முடியாது. அங்கே தீராவிட்டால் வழக்கு. கூட்ட விதியை மீறியதற்கான வழக்கை ஓராண்டுக்குள் போட வேண்டும். வென்றால் வழக்கறிஞர் செலவு கிடைக்கும். ஒவ்வொரு மீறலுக்கும் 500 டாலர் வரை நீதிமன்றம் அபராதம் விதிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: “குழுவினர் தங்களுக்குள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டார்கள்” என்பதையே குற்றமாக எழுதிவிடாதீர்கள். சான் டியேகோப் பகுதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், முடிவெடுக்காமல் மின்னஞ்சலில் கலந்து பேசுவது மட்டும் கூட்டம் ஆகாது என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேசியதில் தவறில்லை, வாக்களித்ததுதான் தவறு.

கேள்வி: நான் எங்கள் சங்கத்தின் செயலாளர். குழுவில் மூவர். நீச்சல் குளத்தின் பம்ப் பழுதானது. தலைவர் மின்னஞ்சல் அனுப்பினார், நானும் ‘ஓ.கே.’ என்றேன். மூன்றாமவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதால் அவருக்கு அனுப்பவே இல்லை. பெரும்பான்மை இருக்கிறதே, போதாதா?
– ஒரு வாசகர், கேட்டி, டெக்சஸ்

பதில்: போதாது. டெக்சஸ் சட்டம் கலிஃபோர்னியாவைப் போலக் கறாரானது அல்ல. என்னைக் கேட்டால் நடைமுறை தெரிந்தவர்கள் எழுதியது. தனி வீட்டுக் குடியிருப்புகளுக்கான சொத்துச் சட்டம் 209.0051ஆம் பிரிவு, முன்னறிவிப்போ கூட்டமோ இல்லாமல் மின்னஞ்சலில் வாக்களிக்க இடம் தருகிறது. ஆனால் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் கருத்துச் சொல்லவும் வாக்களிக்கவும் நியாயமான வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். மூன்றாமவருடைய வாக்கு முடிவை மாற்றாது என்பது ஒரு காரணமே அல்ல. இன்றே அவருக்கு அனுப்புங்கள், பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். மூவரும் மறுபடி வாக்களியுங்கள். அடுத்த கூட்டத்தில் என்ன முடிவு, எவ்வளவு செலவு என்பதை வாய்விட்டுச் சொல்லிக் குறிப்பேட்டில் ஏற்றுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

பம்ப் மாற்ற இது சரி. அபராதம், சந்தா உயர்வு, சிறப்புக் கட்டணம், கடன் வாங்குவது, காலியான குழு இடத்தை நிரப்புவது போன்றவற்றை அறிவிப்புக் கொடுத்துக் கூட்டிய திறந்த கூட்டத்தில்தான் முடிவு செய்யலாம். வழக்கமான கூட்டத்துக்கு 144 மணி நேரம், சிறப்புக் கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அறிவிக்க வேண்டும்.

இன்னொன்று, சட்டத்தில் இல்லாதது. மின்னஞ்சல் வாக்கெடுப்பில் முதல் ‘ஓ.கே.’ எப்போதும் இணைப்பைத் திறந்து பார்க்காதவரிடமிருந்துதான் வரும். அடுத்தவர் அதைப் பார்த்துத் தானும் ‘ஓ.கே.’ போடுவார். மதிப்பீட்டின் மூன்றாம் பக்கத்தில் பழைய பம்பை அகற்றும் கூலி தனியாகப் போட்டிருக்கிறதே என்று கேட்பவர் கடைசியில் வருவார். அதற்குள் ஒப்பந்தக்காரருக்குத் தகவல் போயிருக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு கேள்விக்காக எல்லோரும் மூன்றாம் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். நீங்கள் செயலாளர் என்பதால் சொல்கிறேன்: மின்னஞ்சலில் தீர்மான வாசகத்தை முழுதாக எழுதுங்கள், தொகையோடும் நிறுவனத்தின் பெயரோடும். பதில் சொல்லக் கடைசி நாள், நேரம் குறிப்பிடுங்கள். அதற்கு முன் எத்தனை வாக்கு வந்தாலும் முடிவை அறிவிக்காதீர்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். வேலை நிமித்தம் அடிக்கடி ஊரில் இருப்பதில்லை. என் வாக்கை மின்னஞ்சலில் அனுப்பலாமா? அல்லது எனக்குப் பதிலாக என் மனைவி வாக்களிக்கலாமா?
– ஒரு வாசகர், டாம்பா, ஃப்ளோரிடா

பதில்: இரண்டும் கூடாது. ஃப்ளோரிடாவில் குழு உறுப்பினர்கள் மின்னஞ்சலில் தகவல் பரிமாறிக்கொள்ளலாம், வாக்களிக்கக் கூடாது. பதிலாள் வழியாகவும் வாக்களிக்க முடியாது. ஆனால் தொலைபேசியிலோ காணொளியிலோ கூட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். நீங்கள் பேசுவது அறையில் உள்ள உரிமையாளர்களுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கி வைத்திருந்தால் போதும். நேரில் வந்ததாகவே கணக்கு, வாக்கும் செல்லும். உங்கள் மனைவியும் வீட்டின் உரிமையாளர் என்றால் அவர் தாராளமாகக் கூட்டத்துக்குப் போகலாம், நிகழ்ச்சி நிரலில் உள்ள எதைப் பற்றியும் பேசலாம், நீங்கள் சொல்வதை மறுத்தும் பேசலாம். கை தூக்குவது மட்டும் முடியாது.