பூனைக்குச் சர்க்கரை: வீட்டில் பரிசோதிக்கும் செலவை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: எங்கள் ஆண் பூனைக்கு 11 வயது. போன மாதம் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. கிளார்ஜின் இன்சுலின் காலை 2 யூனிட், இரவு 2 யூனிட் போடுகிறோம். 15 நாளுக்கு ஒருமுறை கிளினிக்கில் பகல் முழுக்க வைத்துச் சர்க்கரை பார்க்க 1,500 ரூபாய், ஆட்டோவுக்கு 600. கைக்கு வரும் சம்பளம் 52,000. வீட்டுக் கடன் தவணை 14,500. இனி வீட்டிலேயே பார்க்கலாம் என்கிறார் டாக்டர். மெஷின் 1,000 ரூபாய், 50 ஸ்ட்ரிப் 950. இதற்காக மாதம் 3,000 கட்டும் நகைச் சீட்டை நிறுத்தட்டுமா? 5 மாதம் கட்டியாயிற்று.
- வாசகி, அம்பத்தூர்

பதில்: நகைச் சீட்டில் கை வைக்காதீர்கள். 11 மாதச் சீட்டை நடுவில் முறித்தால் செய்கூலிச் சலுகையோ கடைசித் தவணை போனஸோ பெரும்பாலும் போய்விடும். உங்களுக்கு வேண்டிய பணம் ஏற்கெனவே கிளினிக்குக்கும் ஆட்டோவுக்கும் போய்க்கொண்டிருக்கிறது, மாதம் 4,200.

வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஊசிக்கு முன் தினம் இரண்டு முறை என்றால் மாதம் 60 ஸ்ட்ரிப். 15 நாளுக்கு ஒருமுறை 2 மணி நேர இடைவெளியில் 12 மணி நேரம் பார்க்க இன்னும் 10 (முதலும் கடைசியும் ஊசிக்கு முன் பார்ப்பதிலேயே அடங்கிவிடும்). காதில் குத்தும்போது பூனை தலையை உதறி, ரத்தம் போதாமல் வீணாவது 10 என்று வையுங்கள். 80 ஸ்ட்ரிப்புக்கு 1,520 ரூபாய். லான்செட் (குத்தும் சிறு ஊசி), பஞ்சு சேர்த்து 1,650. மாதம் ஒருமுறை டாக்டரிடம் போகக் கட்டணம் 500, ஆட்டோ 600 என்றாலும் மொத்தம் 2,750தான். மிச்சம் 1,450. முதல் மாதம் அதில் மெஷின் வாங்கிவிடலாம்.

செலவு குறைவதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. கூடையில் அடைத்துக் கொண்டுபோய், நாய்க் குரைப்புக்கு நடுவே உட்கார வைத்தால் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும். அதைப் பார்த்து டோஸைக் கூட்டினால் வீட்டில் சர்க்கரை அபாயமாகத் தாழலாம். சரியான உணவும் இன்சுலினும் ஆரம்பத்திலேயே கிடைத்த பூனைகளில் கணிசமானவற்றுக்குச் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. அந்த மாற்றத்தை முதலில் காட்டுவது வீட்டு மீட்டர்தான். ஆகவே ஸ்ட்ரிப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும். விலங்குகளுக்கென வரும் மீட்டர் துல்லியமானது, ஆனால் அதன் ஸ்ட்ரிப் விலைக்குப் பயந்து பரிசோதனையைக் குறைப்பீர்கள் என்றால் சாதாரண மீட்டரே போதும். எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். 60-க்குக் கீழே காட்டினால், அல்லது பூனை தள்ளாடினால், ஊசி போடாமல் ஈறில் தேன் தடவிவிட்டு உடனே டாக்டரை அழையுங்கள். ஸ்ட்ரிப்பை மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம், காலாவதி ஆகும். 2025 செப்டம்பர் 22 முதல் மீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது. நீங்கள் சொன்ன விலை பழையதா என்று பில்லில் பாருங்கள்.

மிச்சமாகும் 1,450-ஐ இரண்டாம் மாதத்திலிருந்து தனி ஆர்.டி.யில் போடுங்கள். 11 தவணையில் 15,950 ரூபாய் சேரும். திடீரென்று பூனையை அட்மிட் செய்ய நேர்ந்தால் அதுதான் கை கொடுக்கும். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு மாதம் 3 முதல் 4 சதவீத வட்டி கட்ட வேண்டியிருக்காது. பணம் சேரும் முன்பே அவசரம் வந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே வந்துவிட்ட நோய்க்குச் செல்லப்பிராணிக் காப்பீடு பொதுவாகக் கை கொடுக்காது. மருத்துவக் காப்பீட்டுக்கு வருமான வரியில் கிடைக்கும் சலுகையும் பூனைக்குக் கிடையாது.

இன்சுலினில் இரண்டு விஷயம். 10 மில்லி குப்பியில் 1,000 யூனிட் இருக்கும். உங்களுக்கு நாளுக்கு 4 யூனிட்தான் வேண்டும், திறந்த பின் லேபிள் தரும் ஆயுளோ 28 நாள். 3 மில்லி கார்ட்ரிட்ஜில் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட் கொண்டது. நம் ஊர் மருந்துக் கடைகளில் 40 யூனிட் சிரிஞ்சும் சர்வ சாதாரணம். சிவப்பு மூடி போட்ட அந்த 40 சிரிஞ்சில் 2 கோடு வரை எடுத்தால் பூனைக்கு 5 யூனிட் ஏறிவிடும். ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சைத்தான் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு முறையும் பாக்கெட்டைப் படித்துப் பார்த்து.