எலும்பா, அச்சா?

கேள்வி: லண்டன் மியூசியத்தில் நின்ற டிப்பி டைனோசர் வெறும் பிளாஸ்டர் என்கிறான் மகன். உண்மையா? நம் மலையில் தோண்டினால் ஒன்று கிடைக்காதா?
– வாசகி, அட்டன்

பதில்: மகன் சொல்வது சரிதான் தங்கச்சி. 1905இல் வைத்த டிப்பி வார்ப்பு, அதாவது அச்சில் ஊற்றி எடுத்த நகல். அசல் எலும்புகள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில். ஏமாற்று ஒன்றுமில்லை, கல்லாகிப்போன எலும்பு பயங்கரக் கனம். சிகாகோ மியூசியத்தில் நிற்கும் 'சூ' என்ற டி-ரெக்ஸ் டைனோசர் அசல்தான், ஆனாலும் உடம்பில் மாட்டியிருப்பது வார்ப்புத் தலை. நிஜத் தலை தனிக் கண்ணாடிப் பெட்டியில்.

அட்டனில் மண்வெட்டியை எடுக்க வேண்டாம். தேயிலை வேருக்குக் கீழே கிடப்பது டைனோசருக்கு வெகுகாலம் முந்திய, பூமிக்குள் வெந்து நசுங்கிய பாறை. ரோட்டுக்காக வெட்டிய இடத்தில் பாருங்கள், கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடும். அதில் எலும்பு எங்கே? பையனை இரத்தினபுரிக்குக் கூட்டிப்போங்கள். அங்கே மாணிக்கச் சரளையில் நீர்யானை, காண்டாமிருக எலும்புகளே கிடைத்திருக்கின்றன.