அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குக் குழு இல்லம் தொடங்க என்ன வேண்டும்?

சொந்த வீடு இருக்கிறது, அதில் அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள் சிலர் உதவியாளர்களோடு சேர்ந்து வாழும் குழு இல்லம் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்கலாம், ஆனால் வீடுதான் இதில் சுலபமான பகுதி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 50-ஆம் பிரிவுப்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் நடத்தக் கூடாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மனநோய் உள்ளவர்களையும் சேர்ப்பதென்றால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வேறு இருக்கிறது.

பணம் பெரும்பாலும் சம்பளத்துக்கே போகும். இரவிலும் ஞாயிறிலும் ஆள் வேண்டும். ஒருவர் திடீரென்று லீவு போட்டால் மாற்று யார்? இதற்கு விடை தெரியாமல் ஒருவரையும் சேர்க்காதீர்கள்.

அப்புறம், எத்தனை பேர்? சென்னையில் மனநோய் உள்ளவர்களுக்கு உதவும் பேன்யன் அமைப்பின் ‘ஹோம் அகெய்ன்’ வீடுகளில் நாலைந்து பேர், சாதாரணத் தெருக்களில் வாழ்கிறார்கள். எனக்கு அதுதான் சரியான அளவாகப் படுகிறது. நாற்பது கட்டில் போட்டால் அது வெறும் விடுதி.