இரண்டு பெயர்கள், மூன்று பேர்

அன்புள்ள ஐயா,

உயிரித்தொழில்நுட்பம் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சோதனைக்குழாய்க் குழந்தைகளின் வரலாறு பற்றிய ஆய்வேட்டுக்காகப் பழைய கட்டுரைகளைச் சேர்த்து வருகிறேன். முதல் குழந்தை பற்றி 1978-ல் லான்செட் இதழில் வந்த அறிக்கையில் ஸ்டெப்டோ, எட்வர்ட்ஸ் என இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன. ஜீன் பர்டி என்பவரும் சேர்ந்துதான் செய்தார் என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். அப்படியென்றால் நான் யாரை, எப்படி மேற்கோள் காட்டுவது? கொல்கத்தாவின் சுபாஷ் முகர்ஜி விஷயத்திலும் இதே குழப்பம்தான். அவரைப் பற்றிச் செய்தித்தாள்கள்தான் கிடைக்கின்றன. கைடு அதை ஏற்கமாட்டேன் என்கிறார்.

இன்னொன்று. ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரை அனுப்பலாம் என்றிருக்கிறேன். துறைத்தலைவர் பெயரையும் போடுவதுதான் வழக்கம் என்கிறார்கள். அவர் லேப் பக்கம் வந்ததே இல்லை. போடலாமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

1978 ஆகஸ்ட் 12 லான்செட்டில் வந்ததை அறிக்கை என்கிறீர்கள். அது இதழாசிரியருக்கு எழுதப்பட்ட கடிதம். சில பத்திகள்தான். ஜூலை 25 அன்று சிசேரியன் மூலம் 2700 கிராம் எடையுள்ள பெண் குழந்தை பிறந்தது, முந்தைய நவம்பரில் லேப்ராஸ்கோப்பி வழியாக ஒரு கருமுட்டை எடுக்கப்பட்டது, எட்டு செல் நிலையில் கரு கருப்பைக்குள் வைக்கப்பட்டது. இவற்றைச் சொல்லி, விவரம் பிறகு வரும் என்று முடித்துவிடுகிறார்கள். இதை வைத்து வேறொரு லேபில் யாரும் அந்த வேலையைத் திரும்பச் செய்திருக்க முடியாது. தலைப்பில் ‘மறுபதியம்’ என்ற பொருள் தரும் சொல் இருப்பதைக் கவனித்தீர்களா? அந்தக் கரு அதற்கு முன் எங்கும் பதிந்ததே இல்லை. சொல் பிசகுதான். ஆனாலும் மேற்கோளில் தலைப்பைத் திருத்தாதீர்கள், அச்சில் உள்ளபடியே எழுதுங்கள்.

செய்முறையோடு கூடிய முழுக் கட்டுரை 1980-ல்தான் வந்தது. லான்செட்டில் அல்ல, பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவ ஆய்விதழில், 87ஆம் தொகுதி, 737 முதல் 756 வரையிலான பக்கங்களில். அதன் ஆசிரியர்கள் எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, பர்டி. மூன்று பேர்.

ஆக, உங்கள் சிக்கலில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். ‘முதல் குழந்தை பிறந்தது’ என்ற வாக்கியத்துக்கு 1978 கடிதத்தைக் காட்டுங்கள். ‘இப்படித்தான் செய்தார்கள்’ என்ற வாக்கியத்துக்கு 1980 கட்டுரையைக் காட்டுங்கள். பலரும் இரண்டு வேலைக்கும் கடிதத்தையே காட்டிவிடுகிறார்கள். பர்டி பெயர் பட்டியல்களிலிருந்து விடுபட்டுப்போவது இப்படியும்தான்.

ஏன் கடிதத்தையே காட்டுகிறார்கள்? முந்தையவர் காட்டியிருக்கிறார், அதனால் நாமும். மேற்கோள்கள் பெரும்பாலும் படித்து எழுதப்படுவதில்லை, பார்த்து எழுதப்படுகின்றன. 2003-ல் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் இதை எழுத்துப்பிழைகளை வைத்தே பிடித்தார்கள். இயற்பியலில் புகழ்பெற்ற ஒரு கட்டுரைக்குச் சுமார் 4300 மேற்கோள்கள். அவற்றில் 196 இடங்களில் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ தப்பு. ஆனால் வெவ்வேறு தப்புகள் என்று எண்ணினால் 45 தான். மற்றவை ஒருவர் செய்த அதே தப்பை அடுத்தவர் அப்படியே எடுத்து ஒட்டியவை. மூலத்தைத் திறந்து பார்த்திருக்கக்கூடியவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கணக்குப் போட்டார்கள். தேர்வு அறையில் பக்கத்து விடைத்தாளைப் பார்த்து எழுதியவனை, இருவருக்கும் பொதுவான தப்பு விடையை வைத்துப் பிடிப்பதுபோலத்தான்.

பர்டி விஷயத்துக்கு வருவோம். அவர் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். 1968-ல் எட்வர்ட்ஸிடம் லேப் உதவியாளராகச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜிலிருந்து ஸ்டெப்டோவின் மருத்துவமனை இருந்த ஓல்டமுக்குப் பத்தாண்டுகள் போய்வந்து, கருக்களை வளர்த்து, நுண்ணோக்கியில் செல்கள் பிரிவதைப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தார். 1970-லும் 1971-லும் நேச்சர் இதழில் வந்த கட்டுரைகளில் அவர் பெயர் இருக்கிறது. 1970-லிருந்து 1985 வரை இந்தக் குழுவின் 26 கட்டுரைகளில் அவர் இணையாசிரியர். ‘பர்டியின் பெயரே போடவில்லை’ என்று சிலர் எழுதுவதும் அதனால் தவறு. உலகம் படித்த அந்த ஒரு கடிதத்தில் இல்லை, அப்போது மருத்துவமனைச் சுவரில் வைத்த நினைவுப் பலகையில் இல்லை. அதுதான் சரியான வாக்கியம். பலகையில் அவர் பெயர் வர வேண்டும், என் அளவுக்கு அவரும் செய்திருக்கிறார் என்று எட்வர்ட்ஸே உள்ளூர் சுகாதார அதிகாரிகளுக்கு எழுதினார். அவர்கள் கேட்கவில்லை. அந்தக் கடிதங்கள் கேம்பிரிட்ஜ் சர்ச்சில் கல்லூரி ஆவணங்களிலிருந்து 2019-ல் வெளிவந்தன. பர்டி 1985-ல் 39 வயதில் இறந்துவிட்டார், ஸ்டெப்டோ 1988-ல். 2010-ல் நோபல் பரிசு அறிவித்தபோது வாங்க எட்வர்ட்ஸ் மட்டுமே இருந்தார்.

இதற்கு முந்தைய தலைமுறையிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் புருக்லைனில் ஜான் ராக்கின் லேபில் மிரியம் மென்கின் 1938 முதல் வாரந்தோறும் கருமுட்டைகளைச் சேர்த்து முயன்று, 1944 பிப்ரவரியில் உடலுக்கு வெளியே மனிதக் கருமுட்டையைக் கருவுறச் செய்தார். அந்த ஆண்டு சயன்ஸ் இதழில் வந்த குறுங்கட்டுரையில் ராக் முதல் பெயர், மென்கின் இரண்டாவது. 1948-ல் வந்த விரிவான கட்டுரையில் மென்கின்தான் முதல் பெயர். மேற்கோள்களில் நீங்கள் அதிகம் சந்திப்பது எது என்று ஊகித்திருப்பீர்கள். உங்கள் ஆய்வேட்டில் இரண்டையும் போடுங்கள்.

சுபாஷ் முகர்ஜி விஷயம் இதைவிடச் சிக்கல். அங்கே பெயர் விடுபடவில்லை, கட்டுரையே யார் கண்ணிலும் படாத இடத்தில் கிடந்தது. அவருடைய முயற்சியில் உருவான குழந்தை துர்கா பிறந்தது 1978 அக்டோபர் 3, ஓல்டம் குழந்தைக்கு 70 நாள் கழித்து. முறையும் வேறு. ஓல்டமில் மருந்து கொடுக்காமல் இயல்பான மாதச் சுழற்சியில் வந்த ஒரே முட்டையை எடுத்தார்கள். முகர்ஜி ஹார்மோன் ஊசி போட்டுச் சினைப்பையைத் தூண்டி, யோனி வழியாக முட்டைகளை எடுத்து, கருவை உறையவைத்து, 53 நாள் கழித்து வேறொரு சுழற்சியில் கருப்பையில் வைத்தார். இன்றைய கருத்தரிப்பு மையங்களில் அன்றாடம் நடப்பது எதற்கு நெருக்கம் என்று நீங்களே பார்க்கலாம். ஆனால் அந்த ஆண்டு அவர் எழுதியது இந்திய உறைகுளிரியல் இதழின் 3ஆம் தொகுதியில், ‘முன்னோட்ட ஆய்வின் சுருக்கமான அறிக்கை’ என்ற அடக்கமான தலைப்பில். ‘பிறப்பு’ என்றோ ‘கர்ப்பம்’ என்றோ தலைப்பில் ஒரு சொல் இல்லை. மகப்பேறு மருத்துவர்கள் படிக்கும் இதழும் அல்ல. மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழு அவர் சொன்னதை நம்பவில்லை. 1981 ஜூன் 19 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார்.

அவருக்குரிய இடத்தை மீட்டுத் தந்தவர் டி.சி. ஆனந்த் குமார். 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பையில் பிறந்த, ‘இந்தியாவின் முதல்’ என்று பதிவான குழந்தையின் பின்னால் இருந்த விஞ்ஞானி இவர். முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதல் நான் அல்ல என்று 1997-ல் கரண்ட் சயன்ஸ் இதழின் 72ஆம் தொகுதியில் (பக்கம் 526 முதல் 531 வரை) அவரே எழுதினார். கைடு கேட்கும் ஆய்விதழ் மேற்கோள் இதுதான். 1978 கட்டுரையை நேரில் பார்க்காமல் ஆனந்த் குமார் வழியாக அறிந்தால், ‘ஆனந்த் குமார் 1997 எடுத்துக்காட்டியபடி’ என்று எழுதுங்கள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: 1978 கட்டுரை அந்தக் கூற்று வந்த தேதிக்குச் சான்று. கூற்று மெய்யா என்பதற்கான ஆதாரம் ஆனந்த் குமார் ஆராய்ந்த குறிப்புகளில்தான் இருக்கிறது. வாக்கியத்தை அதற்கேற்ப அமையுங்கள்.

தேடும்போது பெயரின் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். முகர்ஜி என்பதே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக வருகிறது, முகோபாத்யாய் என்றும் வரும். போதாக்குறைக்கு அவருடைய இணையாசிரியர் சுனித் முகர்ஜிக்கும் அதே முதலெழுத்து. நம் ஊர்ப் பெயர்களின் கதியும் இதுதான். இனிஷியலை விரித்து எழுதியதும் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். மேற்கோளெல்லாம் அப்பாவுக்குப் போய்ச் சேரும். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரே வடிவத்தை முடிவுசெய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண் ஒன்றை வாங்கிவிடுங்கள். காசு கிடையாது.

இன்னொரு இடத்திலும் கால் இடறும். ‘முதல் கர்ப்பம்’ எப்போது என்று கேட்டால் மூன்று விடைகள் உண்டு, மூன்றுக்கும் லான்செட் மேற்கோள் உண்டு. 1973-ல் மெல்பர்ன் குழு அறிவித்தது ஹார்மோன் அளவில் மட்டும் தெரிந்து சில நாட்களில் கலைந்தது. 1976-ல் ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் அறிவித்தது கருக்குழாயில் தங்கிய கர்ப்பம். 1978-ல்தான் குழந்தை. ரத்தத்தில் ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் ஏறினாலும் கர்ப்பம், ஸ்கேனில் கருவைச் சுற்றிய பை தெரிந்தாலும் கர்ப்பம் என்று ஒரே சொல்லால் எழுதினால் மேற்கோள் கைமாறும்போது பொருள் நழுவிவிடும். வெற்றி விகிதத்திலும் அப்படியே. கணக்குக்காகச் சொல்கிறேன்: 100 பெண்கள் சிகிச்சை தொடங்கி, 70 பேருக்குக் கரு வைத்து, 28 பேருக்கு ஸ்கேனில் கர்ப்பம் தெரிந்து, 21 பேருக்குக் குழந்தை பிறந்தால், கரு வைத்தவர்களை வைத்துப் பார்க்கும்போது 40 சதவீதம் கர்ப்பம். தொடங்கியவர்களை வைத்துப் பார்த்தால் 21 சதவீதம் பிரசவம். சுருக்கத்தில் 40 இருக்கும், அட்டவணையின் அடியில் 21 இருக்கும். மேற்கோளுக்கு முன் ‘யாரில் எத்தனை’ என்று அட்டவணையைப் பாருங்கள்.

இனி உங்கள் துறைத்தலைவர். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு (இதுவும் 1978-ல், வான்கூவரில் கூடியது) ஆசிரியராகப் பெயர் போட நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வின் திட்டத்திலோ, தரவு சேகரிப்பிலோ, பகுப்பாய்விலோ கணிசமான பங்கு. எழுதியோ திருத்தியோ இருத்தல். கடைசிப் பிரதிக்கு ஒப்புதல். முழுக் கட்டுரைக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். நிதி வாங்கிக் கொடுத்தது, இடம் கொடுத்தது, பொதுவான மேற்பார்வை ஆகியவற்றுக்கு நன்றியுரை போதும். இதற்கு மறுபக்கமும் உண்டு. முதல் நிபந்தனையை நிறைவேற்றிய லேப் உதவியாளருக்கு வரைவையே காட்டாமல் வைத்துவிட்டு, ‘எழுதவில்லையே’ என்று பெயரை நீக்கவும் கூடாது. வரைவைப் படித்துத் திருத்த அவருக்கு வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும்.

மரியாதைக்குப் போட்ட பெயர் என்ன செய்யும் என்பதற்கு இதே துறையில் சான்று இருக்கிறது. 1994 ஆகஸ்டில் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் மால்கம் பியர்ஸ், கருக்குழாயில் தங்கிய கருவை எடுத்துக் கருப்பையில் வைத்துக் குழந்தை பிறந்ததாக ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்படி ஒரு நோயாளியே இல்லை என்று தெரிந்தது. இணையாசிரியர்களில் ஒருவர் ஜெஃப்ரி சேம்பர்லின். அவர் அந்தத் துறையின் தலைவர், கட்டுரை வந்த இதழின் ஆசிரியர், மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரித் தலைவரும்கூட. ஆய்வில் பங்கில்லை, மரியாதைக்குப் பெயர் சேர்ந்தது. பியர்ஸின் மருத்துவப் பதிவு 1995-ல் பறிபோனது, சேம்பர்லின் இதழ்ப் பொறுப்பையும் கல்லூரித் தலைமையையும் விட்டு விலகினார்.

2001-ல் இன்னொன்று. சியோலில் சிகிச்சை பெற்ற பெண்களுக்காக முன்பின் தெரியாதவர்கள் தொலைவிலிருந்து பிரார்த்தனை செய்ததில் கர்ப்ப விகிதம் 26 சதவீதத்திலிருந்து 50 ஆனது என்று மூன்று ஆசிரியர்கள் எழுதினார்கள். உலகச் செய்தியானது. மூவரில் ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் துறைத்தலைவர். ஆய்வு முடிந்த பிறகுதான் அவருக்கு அது தெரியும் என்று பின்னர் வெளிவந்தது. இன்னொரு ஆசிரியர் வேறொரு மோசடி வழக்கில் சிறை சென்றார். 2004-ல் துறைத்தலைவர் தன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார். கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை. ஆகவே ரிட்ராக்‌ஷன் பட்டியலில் இல்லை என்பதாலேயே எதையும் நம்பிவிட முடியாது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் கட்டுரையின் பக்கத்திலேயே திருத்தங்களும் ஆசிரியருக்கு வந்த கடிதங்களும் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றையும் திறந்து பாருங்கள்.

நேரடியாக மறுப்பது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். எழுதத் தொடங்குவதற்கு முன்பே ஒரு தாளில் யார் என்ன செய்தார் என்று அட்டவணை போடுங்கள். கிரெடிட் என்ற வகைப்பாட்டில் கருத்துரு, செய்முறை, தரவுப் பராமரிப்பு, மேற்பார்வை என 14 பங்குகள் இருக்கின்றன. பல இதழ்கள் இதைக் கட்டாயமாகவே கேட்கின்றன. துறைத்தலைவருக்கு நேரே இருக்கும் கட்டத்தைக் காலியாக விட்டு, ‘ஐயா, தங்கள் பங்கு எதில் வரும் என்று குறித்துத் தாருங்கள், இதழ் கேட்கிறது’ என்று கைடு வழியாக மின்னஞ்சலில் அனுப்புங்கள். கூடவே நன்றியுரையில் அவர் பெயர் வரும் வாக்கியத்தையும் எழுதி வையுங்கள்.