அணில் கடித்த ஃபைபருக்கு டேப் போதாது

மாமரத்தடியில் அணில் கடித்து இரண்டு மாதத்தில் மூன்று முறை ஃபைபர் இன்டர்நெட் லைன் போனது, லைன்மேன் டேப் சுற்றிவிட்டுப் போகிறார், மழை வந்தால் மறுபடி கட் ஆகிறது என்கிறீர்கள்.

முதலில் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து ஆர்எக்ஸ் பவர் (வீடு வந்து சேரும் ஒளியின் அளவு, டிபிஎம் கணக்கில்) பாருங்கள். -15 முதல் -25 டிபிஎம் வரை இருந்தால் நல்லது. -27க்குக் கீழே (-28, -29 என்று) போனால் இணைப்பு நிற்காது. வெயிலில் ஒன்று, மழையில் ஒன்று என்று குறித்து வையுங்கள். இரண்டுக்கும் 3 டிபிக்கு மேல் வித்தியாசம் வந்தால் கோளாறு பெரும்பாலும் டேப் சுற்றிய அந்த ஜாயின்ட்டில்தான். உள்ளே இருப்பது 125 மைக்ரான் கண்ணாடி இழை. மேலுறை போய்விட்டால் காற்றில் ஆடும்போதே மடங்கி ஒளி கசியும்; டேப்புக்குள் இறங்கும் தண்ணீர் வேறு. (அறுந்த முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது.)

கம்பத்திலிருந்து வீடு வரை ஜாயின்ட் இல்லாத ஒரே துண்டாக, ஸ்டீல் கவச டிராப் கேபிள் (கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் கேபிள்) கேளுங்கள். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் ஃபியூஷன் ஸ்பிளைஸ் (இழை முனைகளை மெஷினில் உருக்கி ஒட்டுவது), அதுவும் மழை புகாத பெட்டிக்குள். கையால் மாட்டும் கனெக்டரில் அரை டிபி வரை ஒளி வீணாகும். பச்சை நிற கனெக்டர் முனைக்குப் பச்சைதான் மாட்ட வேண்டும். நீலத்தை மாட்டிவிடுகிறார்கள், கவனியுங்கள்.

அணில் பசிக்குக் கடிப்பதில்லை. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும், தேய்க்க ஏதாவது வேண்டும். மிளகாய்த்தூள், கிரீஸ் எல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது. கேபிளைத் தொடும் கிளையை வெட்டுங்கள். சுவரில் இறங்கும் பகுதியை 20 மிமீ பைப்பில் விட்டு, இரண்டு வாயையும் ஸ்டீல் நாரால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எலி குடியேறும்.